நம் பாடும் நம் சமாதானமும்



சில வாரங்களுக்கு முன் ஒருநாள் காலைப் பூசை முடிந்தபின், நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் கோவில் படியில் உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் ஏரியில் இருந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. "சாமி, நேத்து ராத்திரி என்னோட பாடு. ஒண்ணும் கிடைக்கல. முந்தின ராத்திரி அதே இடத்துல பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கூடை கூடையா இறால். நான் தினமும் செபமாலை சொல்றவன். அவன் கோவில் பக்கமே வர்றதில்ல. சர்வேசுரன் எதைப் பார்த்துக் கொடுக்கிறார்?" என்று கேட்டார்.

வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் அவருக்கு இன்னும் தீரவில்லை என்பதை நான் அறிவேன். ஆகையால் உடனே புத்தி சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

பாடு என்பது இன்னதென்று பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளுக்காகச் சொல்லுகிறேன். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களில், ஏரியில் நல்ல மீன்பாடுள்ள இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஒழுங்கு அது. முறை வந்தவர் அன்று அவ்விடத்தில் சுத்து வலை கட்டுவார். மற்றவர்கள் விலகி நிற்பார்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலைக்காரர்கள் இவ்விதமே சீட்டுப்போட்டு இடம் பெறுகிறார்கள். அவர்களிலும் அநேகர் நம் வேதத்தார்.

இந்த ஒழுங்கு வலியவனையும் எளியவனையும் சமமாக்குகிறது. ஆனாலும் அது பங்கிடுவது இடத்தைத்தான், மீனை அல்ல. ஒரே இடம், ஒரே வலை. ஆயினும் ஒருவனுக்கு நிறைவு, மற்றவனுக்கு வெறுமை. அந்த மனிதருடைய வெறும் வலை அவருக்குக் கவலை தந்தது. அயலானுடைய நிறைந்த வலையோ அவருடைய சமாதானத்தையே பறித்துக்கொண்டது. அவரை நான் குறை கூறவில்லை. பக்கத்துப் பங்கில் புதுக் கோபுரம் எழும்பினபோது, நம் கோவிலின் ஒழுகும் கூரையைப் பார்த்து நானும் இரவில் தூக்கமின்றிப் புரண்டதுண்டு.

திபேரியாக் கடலோரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அர்ச். இராயப்பரும் மற்றவர்களும் இரவு முழுவதும் பாடுபட்டு ஒன்றும் பிடிக்கவில்லை. விடியற்காலையில் ஆண்டவர் கரையில் நின்று அவர்கள் வலையை நிரப்பினார். வலை நிறைந்தபின்னும் இராயப்பர் திரும்பி அருளப்பரைப் பார்த்து, இவனுடைய காரியம் என்னவென்று கேட்டார். ஆண்டவரோ, அது உனக்கென்ன என்று தடுத்துத் தம்மைப் பின்செல்லச் சொன்னார். வலை நிறைந்தாலும், அடுத்தவனை அளக்கும் கண் நிறைவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

அப்படியானால் வந்ததை வாய்மூடி ஏற்றுக்கொள்வதுதான் மனநிறைவா? அல்ல. முகத்துவாரம் மணல்மூடி அடைபட்டால் வெட்டித் திறக்கக் கேட்பது நம் கடமை. ஒருவன் முறையை மற்றொருவன் பறித்தால் தட்டிக் கேட்பது நீதி. பொறாமையில்லாத மனம் இவற்றைக் கோபத்தால் அல்ல, நியாயத்தால் கேட்கும். ஆகையால் தளராமலும் கேட்கும்.

செபத்தில் கேட்பதும் குற்றமல்ல. முதல் துக்க தேவ இரகசியத்தில் நாம் தியானிப்பது என்ன? பூங்காவனத்தில் சேசுநாதர் சுவாமி தமது துன்பப் பாத்திரம் நீங்கும்படி முதலில் கேட்டார். பிறகு பிதாவின் சித்தத்திற்குத் தம்மைக் கையளித்தார். பாத்திரம் நீங்கவில்லை. ஆனால் திடப்படுத்த ஒரு சம்மனசு வந்தார்; நடுங்கி முழந்தாளிட்டவர் எழுந்து தம் பகைவரை எதிர்கொண்டு போனார். செபம் செய்வது இதைத்தான். செபமாலை இறாலுக்குக் கொடுக்கும் விலையல்ல. விலையாக நினைத்தால், இறால் வராத அன்று சர்வேசுரன் நமக்குக் கடன்காரராகத் தோன்றுவார். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவே அப்படிப்பட்ட கணக்கு உண்டோ?

நம் முன்னோர்கள் சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் உருவத்தைப் பாடுபட்ட சுரூபம் என்றார்கள். ஏரியில் நம் முறைக்கும் பாடு என்றே பெயர். நம்முடைய பாட்டைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டவர் அவர். வெறும் வலையோடு கரையேறும்போது நாம் தனியே வருவதில்லை.

ஆகையால் ஒரு சிறு வழக்கத்தை இவ்வாரம் தொடங்குவோம். இரவு குடும்ப செபமாலை முடிந்ததும், இன்றிரவு யாருடைய பாடோ அவருக்காக ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லுங்கள். அவர் எந்த மதத்தவராயினும், உங்களோடு பேசாதவராயினும் சொல்லுங்கள். பிறனுடைய வலைக்காக மன்றாடுகிறவன் அந்த வலையின்மேல் நெடுநாள் பொறாமை கொள்ள முடியாது. நானும் பக்கத்துப் பங்கின் கோபுரத்திற்காக ஒன்று சொல்லுகிறேன். படியில் உட்கார்ந்திருந்த அந்தச் சகோதரருக்கு அன்று பதில் கூறாத பங்குச் சுவாமிக்கும் அதுவே தக்க அபராதம்.

பழவேற்காட்டு மகிமை மாதாவின் மன்றாட்டு நம் எல்லாருக்கும் துணையாயிருப்பதாக.

உங்கள் பங்குக் குரு