கிழிக்காமல் வைத்த பக்கங்கள்

1944 ஜனவரி 2. நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் குடும்பத்தோடு ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க், செய்ய வேலை எதுவும் இல்லாமல் தன் டைரியையே புரட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைத் திட்டி எழுதிய பக்கங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டன. இவ்வளவு வெறுப்பைக் கொட்டியது நாம்தானா என்று அதிர்ந்துபோனாள்.

13 வயதில் எழுதியதை 14 வயதில் படித்தபோதே இந்த அதிர்ச்சி. நாற்பதைத் தாண்டிப் பள்ளிக்கால டைரியைத் திறப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். வீட்டார்மீது கோபம், தோழிமீது பொறாமை, யாரிடமும் சொல்லாத காதல். பிள்ளைகள் கண்ணில் படுவதற்குள் கிழித்துப் போட்டுவிடத்தான் கை பரபரக்கும்.

ஆன் கிழிக்கவில்லை. அதே மாதம் 22ஆம் தேதி, 1942இல் எழுதிய ஒரு பதிவோடு புதுக் குறிப்பொன்றைத் தேதி போட்டுச் சேர்த்தாள். அப்பா, அம்மா, அக்கா பற்றி எழுதியதெல்லாம் நேற்று எழுதியதுபோல் புரிகிறது; ஆனால் மற்ற சில விஷயங்களை அவ்வளவு வெளிப்படையாக இனி எழுத வராது என்பது அதன் சாரம். வெட்கம் இருக்கிறது, ஆனால் பழைய வரிமேல் அவள் மை பூசவில்லை. இந்த நேர்மை பெரியவர்களுக்கே அரிது.

நினைவை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? அமெரிக்க மனநல மருத்துவர் டேனியல் ஆஃபர் 1962இல் 14 வயதுப் பையன்களிடம் பெற்றோர், கண்டிப்பு, நட்பு பற்றியெல்லாம் கேட்டுப் பதிவு செய்தார். அவர்களுக்கு 48 வயதானபோது, அன்று என்ன சொன்னீர்கள் என்று கேட்கப்பட்டது. வந்த பதில்கள் குருட்டாம்போக்கில் ஊகிப்பதைவிட மேலாக இல்லை. நினைவு பழைய பிரதியை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதுகிறது. பொய் சொல்கிறோம் என்பதுகூட நமக்குத் தெரியாது.

போர்க்கால டைரிகளையும் கடிதங்களையும் பத்திரப்படுத்தச் சொல்லி, 1944 மார்ச்சில் லண்டன் வானொலியில் டச்சு அமைச்சர் ஒருவர் பேசினார். அதைக் கேட்ட ஆன், மே மாதம் தன் டைரியைப் புத்தகமாக்கத் திருத்தி எழுத ஆரம்பித்தாள். எழுதியது தனித் தாள்களில். பழைய நோட்டு அப்படியே இருந்தது. ஆகஸ்ட் 4 அன்று ஒளிந்திருந்த எல்லோரும் கைதானார்கள். தரையில் சிதறிக் கிடந்த தாள்களைப் பொறுக்கியெடுத்துக் காப்பாற்றியவர்களில் ஒருவர், அவர்கள் ஒளிந்திருக்க உதவிய மீப் கீஸ்.

அம்மா ஏடித் 1945 ஜனவரியில் ஆஷ்விட்ஸ் முகாமில் இறந்தார். சில வாரங்களில், வேறொரு முகாமில் ஆன். தப்பிய அப்பா ஓட்டோ, 1947இல் டைரியை வெளியிட்டபோது மனைவியைப் பற்றிய கடுமையான வரிகள் சிலவற்றை விட்டுவிட்டார். துக்கத்தில் இருந்த கணவரை யார் குறை சொல்ல முடியும்? ஆனாலும் அந்த வரிகள் அழியவில்லை. 1986இல் நெதர்லாந்தின் போர் ஆவண நிறுவனம் முதல் டைரி, ஆனின் திருத்தம், அப்பாவின் பதிப்பு மூன்றையும் அடுத்தடுத்து வைத்து அச்சிட்டது. 13 வயதுக் கோபத்தையும் 15 வயது நிதானத்தையும் இன்று ஒன்றாகவே படிக்கலாம்.