நம்பத்தக்கது எது?

ஒரு பொருளை நம்பத்தக்கது என்று சொல்லும்போது, அது பிழையாது என்று கருதுகிறோமா, பிழைத்தாலும் நம் கைக்கு அடங்கும் என்று கருதுகிறோமா என்னும் வினா, 1990க்குப் பின் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அருகிப்போன வன்னியில், ஏட்டிலன்றி வீதியிலேயே எழுந்த தத்துவ வினாவாகும். இரணைமடுவின் நீரால் வாழும் வட்டக்கச்சியிலும் அயற் கிராமங்களிலும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் சில துளி பெற்றோலால் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயிலேயே ஓடின. புகைத்துக்கொண்டேனும் நோயாளரைச் சுமந்து சென்றன. அவற்றின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7:1 என்னும் தாழ்ந்த அளவினதாதலாலும், காபரேற்றர் காற்றின் ஈர்ப்பொன்றினாலேயே எரிபொருளை எடுப்பதாதலாலும், அந்தக் குறைபட்ட உணவையும் அவை ஏற்றன.

அறிவின் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என வகுப்பது சைவ சித்தாந்தம். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் அளவையை முதலில் ஆராய்ந்ததும், எதனால் அறிகிறோம் என்று தெளியாதவன் எதனை நம்புவதென்று துணிய மாட்டான் என்பதனாற் போலும். காபரேற்றரை நாம் காண்டலால் நம்பினோம். திருகாணியைத் திருப்பிய கையே அதற்குச் சாட்சி. 1967இல் வொக்ஸ்வாகன் காரிற் புகுந்த பொஷ் நிறுவனத்தின் மின்னணு உட்செலுத்தல் முறையோ, உள்ளீர்ப்புக் குழாயின் அமுக்கத்தைக் கொண்டு காற்றின் அளவை அனுமானிப்பது. அதாவது, இயந்திரமே கருதலைக் கைக்கொண்டது. அதன் வழிவந்து, இன்று வால்வுக்கு முன்னே மூன்று நான்கு பார் அமுக்கத்தில் பெற்றோலைத் தெளித்து, அத்தெளிப்பினாலேயே வால்வையும் கழுவிவிடும் இவ்வகையே பெற்றோல் கார்களில் மிகவும் நம்பத்தக்கது என்பது என் துணிபு. சிலிண்டருக்குள் நேரே பீச்சும் முறையில் அந்தக் கழுவுதல் இன்மையால் வால்வில் கரி படிகிறது.

இன்றைய டீசல் வாகனங்களின் கொமன் றெயில் முறை 1,600 பாருக்கும் மேற்பட்ட அமுக்கத்திலும் இயங்கவல்லது. டீசலின் மசகுத் தன்மையே அதன் பம்பைக் காப்பது. மண்ணெண்ணெய் கலந்தால் உலோகம் தேய்ந்து, அத்துகள் இஞ்செக்டர்களை அடைகிறது. 2022இல் எரிபொருள் மீண்டும் அரிதானபோது பழைய உபாயம் இத்தகைய வாகனங்களுக்கு உதவக்கூடியதாயிருக்கவில்லை. இங்கே நமக்கு எஞ்சுவது உரை ஒன்றே: கணினி சொல்லும் பழுதுக் குறியீடு.

உரை தாழ்ந்த அளவையன்று. சொல்பவர் ஆப்தராயின், அதாவது நம்பத்தக்கவராயின், அது பிரமாணமே. கணினி பொய் சொல்வதில்லை. ஆயினும் அமுக்கம் குறைந்தது என்று சொல்லுமேயன்றி, கானில் வந்த டீசலில் கலப்படம் இருந்தது என்று சொல்லாது. குறியீட்டை வாசித்த பின்னும் வடிகட்டியைக் கழற்றி எண்ணெயை முகர்ந்து பார்க்கிற, மண்ணெண்ணெய்க் காலத்தில் தொழில் பழகிய மெக்கானிக்கின் காண்டலும் கருதலும் சேர்ந்தே அவ்வுரையை முழு அறிவாக்குகின்றன. அவ்வாறு ஒருவர் அருகில் இல்லாத ஊரில் கொமன் றெயில் வாகனத்தை வாங்குவோர், எத்துணைச் சிறந்த வாகனமாயினும், பாதி அறிவையே நம்பி வாங்குகின்றனர்.