தூய்மையும் தோலில் வாழும் உயிர்களும்

உடலில் வாழும் நுண்ணுயிர்களை அழிப்பதுதான் தூய்மையா, உடலை அதன் ஒழுங்கில் வைத்திருப்பது தூய்மையா என்ற கேள்வி சமயத்துக்கும் மருத்துவத்துக்கும் பொதுவானது. திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியாவை அடுத்துள்ள குறிஞ்சாக்கேணி போன்ற முஸ்லிம் ஊர்களில் இது அன்றாட வாழ்வோடு ஒட்டிய கேள்வி. ஐவேளைத் தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவும் வுழூவின்போது கழுவப்படும் அதே முகத்தில்தான் பருவுக்கான களிம்பும் பூசப்படுகிறது.

முகத்தின் எண்ணெய்ச் சுரப்பித் துளைகளில் கியூற்றிபற்றீரியம் அக்னெஸ் என்னும் பற்றீரியா ஏறக்குறைய எல்லா வளர்ந்தோரிடமும் வாழ்கிறது. அது எண்ணெயை உடைத்து வெளிவிடும் கொழுப்பமிலங்கள் தோலின் அமிலத்தன்மையைப் பேணி, நோய்க்கிருமிகள் காலூன்றாமல் தடுக்க உதவுகின்றன. துளை அடைபட்டு, எண்ணெய் மிகுந்து, அழற்சி கிளம்பும்போதுதான் பரு உண்டாகிறது.

விற்றமின்களிலிருந்து பெறப்படும் பூச்சுப்பொருள்கள் பெரும்பாலும் இந்த ஒழுங்கைச் சீர்செய்தே பயன் தருகின்றன. விற்றமின் ஏ வழிவந்த ரெற்றினொயிட்டுகள் பற்றீரியாவை நேரே கொல்வதில்லை. துளை அடைபடாமல் காக்கின்றன. கர்ப்பிணிகள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். விற்றமின் பி3 வகையான நியசினமைட்டு அழற்சியைத் தணிக்கிறது. 1995இல் வெளியான ஆய்வொன்றில் 4 வீத நியசினமைட்டுக் களிம்பும், 1 வீத கிளிண்டமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பும் 8 வாரங்களில் ஒத்த பயனைத் தந்தன. நுண்ணுயிர்க்கொல்லிகளுக்குப் பற்றீரியா காலப்போக்கில் எதிர்ப்பை வளர்த்துக்கொள்வதால் இந்த முடிவு முக்கியமானது. விற்றமின் சி வழிவந்த சோடியம் அஸ்கோபில் பொஸ்பேற்று, ஆய்வுகூடத்தில் பருப் பற்றீரியாவின் வளர்ச்சியை நேரடியாகவே தடுக்கிறது. விற்றமின் டி, கதெலிசிடின் என்னும் கிருமியெதிர்ப்புப் பொருளை உடலே உருவாக்கத் தூண்டுகிறது.

சமயத்தின் பக்கம் வந்தால், இஸ்லாமிய சட்டநூல்கள் நஜீஸையும் தொடக்கையும் வேறுபடுத்துகின்றன. நஜீஸ் என்பது கழுவி நீக்க வேண்டிய அசுத்தப் பொருள். தொடக்கு என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு நிலை. சிறுதொடக்கு வுழூவால் நீங்குகிறது. தண்ணீர் கிடைக்காதபோது சுத்தமான மண்ணைக் கொண்டு தயம்மும் செய்யலாம். மண்ணோ நுண்ணுயிர்கள் நிறைந்தது. ஆகவே வணக்கத்துக்கான தூய்மை, கிருமிகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுவதன்று. இமாம் கஸ்ஸாலி இஹ்யா உலூமித்தீன் என்னும் நூலில் தூய்மையை நான்கு படிகளாக்குகிறார்: உடலை அசுத்தத்திலிருந்தும், உறுப்புகளைப் பாவத்திலிருந்தும், உள்ளத்தைத் தீய குணங்களிலிருந்தும், அந்தரங்கத்தை இறைவன் அல்லாதவற்றிலிருந்தும் காத்தல். நீரால் முடிவது முதற்படி மட்டுமே.

களிம்பு பூசியவரின் வுழூ செல்லுமா என்பதற்கும் சட்டநூல்களில் விடை உண்டு. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் என்னும் சட்டப்பிரிவின்படி, தண்ணீர் தோலைச் சேராமல் தடுக்கும் படலம் இருந்தால் அதை நீக்கியாக வேண்டும். மருதாணியின் நிறமோ, படலமாகாத எண்ணெய்ப் பிசுக்கோ தடையாகாது. தோலில் ஊறிவிட்ட களிம்புக்கும் இதுவே அளவுகோல்.

உடல் இறைவன் தந்த அமானிதம். அதில் வாழும் உயிர்களோடு அதன் ஒழுங்கைப் பேணுவது மருத்துவத்தின் கடமை. அந்த உடலோடு இறைவன் முன் நிற்கத் தகுதியாவது வுழூவின் நோக்கம். ஒன்று மற்றதன் இடத்தை நிரப்பாது; இரண்டும் ஒரே முகத்தில் முரணின்றி நிறைவேறும்.