பதினைந்து மாதக் கெடு

ஒஹையோவில் என்னோடு வேலை பார்க்கும் நண்பரும் அவர் மனைவியும் பிறருடைய குழந்தை ஒன்றை வளர்க்கிறார்கள். ஃபாஸ்டர் கேர் என்று இங்கே சொல்லப்படும் தற்காலிக ஏற்பாடு. குழந்தைக்கு இரண்டு வயது. அம்மா ஃபென்டனிலுக்கு அடிமை. சிகிச்சைக்குப் போவார், நான்கு மாதம் நன்றாக இருப்பார், மறுபடி விழுவார். அவருடைய தாய் உரிமையை நிரந்தரமாக ரத்து செய்யக் கோரும் மனு இப்போது நீதிமன்றத்தில் இருக்கிறது. ரத்தானால் நண்பர் தத்தெடுத்துக்கொள்வார். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னார்: "அந்தப் பொண்ணு குணமாகணும்னுதான் தினமும் ஜெபிக்கிறேன். ஆனா குணமாயிட்டா எங்க வீடு காலியாயிடுமேன்னு பயமாவும் இருக்கு."

இந்த மனுவுக்குப் பின்னால் 1997இல் கிளிண்டன் கையெழுத்திட்ட கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. கடைசி 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை அரசின் பராமரிப்பில் இருந்துவிட்டால், பெற்றோர் உரிமையை ரத்து செய்ய மாநிலம் மனு போட வேண்டும். உறவினர் வீட்டில் குழந்தை வளர்ந்தால் விலக்கு தரலாம். வேறு சில விலக்குகளும் உண்டு. சட்டத்தின் நோக்கம் கெட்டதல்ல. அதற்கு முன்பு குழந்தைகள் வருடக்கணக்கில் வீடு வீடாக மாறிக்கொண்டிருந்தார்கள். ரத்து செய்ய 'தெளிவான, நம்பத்தகுந்த' சான்று வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1982இல் சொன்னது. ஆனால் அதற்கு முந்தைய வருடம், ஏழைப் பெற்றோருக்கு எல்லா வழக்கிலும் அரசு வக்கீல் தர வேண்டிய அவசியமில்லை என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

எங்கள் தொழிலில் இதற்கு 'டைம் அவுட்' என்று பெயர். சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறோம், பதில் இல்லை. செத்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா? வெளியிலிருந்து நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. அதனால் ஒரு கெடு வைத்து, தாண்டினால் செத்ததாக வைத்துக்கொண்டு மேலே போகிறோம். காத்திருப்பவரால் எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. சர்வரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

போதை அடிமைத்தனம் விழுந்து எழுந்து விழும் நோய். மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின் சிகிச்சையெல்லாம் வருடக்கணக்கில் நீளலாம். மீண்டுகொண்டிருப்பவரும் மீளவே போகாதவரும் பதினைந்தாவது மாதத்தில் ஒரே மாதிரி தெரியலாம். இன்னொரு பக்கம், இரண்டு வயதுக் குழந்தைக்கு 15 மாதம் என்பது பாதி ஆயுளுக்கும் மேல்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "என்னடா அநியாயமா இருக்கு, சீக்குக்காரிகிட்டயிருந்து பிள்ளையப் பிடுங்குவாங்களா? உங்க மாமா குடிக்கலையா? பாட்டி அவன் பொண்ணை வளக்கலையா?" நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். மாமா மகளிடம் கேட்டதில்லை. இந்த முறை கேட்டேன்.

"அத்தை அப்படித்தான் சொல்வாங்க. ஸ்கூல் வாசல்ல அவர் தள்ளாடிக்கிட்டு நின்னப்ப அத்தை அங்க இல்லையே. ஒவ்வொரு தடவையும் இனிமே தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுவார். ஒவ்வொரு தடவையும் நான் நம்புனேன். போதும், இனி காத்திருக்க வேணாம்னு யாராவது சொல்லியிருக்கலாம்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவர் உன் அப்பாவே இல்லன்னு எவனாவது சொல்லியிருந்தா சண்டைக்குப் போயிருப்பேன்" என்றாள்.

இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குழந்தையை யார் வளர்ப்பது என்பது ஒன்று. அதற்குக் கெடு வேண்டும், கறாராகவே வேண்டும். குழந்தை யாருடையது என்பது இன்னொன்று. அதற்குக் கெடு எதற்கு? ரத்து இரண்டையும் ஒரே கையெழுத்தில் முடித்துவிடுகிறது. இதைச் சட்டமும் கொஞ்சம் உணர்ந்திருக்கிறது. பல மாநிலங்களில் தத்துக்குப் பிறகும் தொடர்பு வைத்துக்கொள்ள ஒப்பந்தம் போடலாம். தத்துக் கிடைக்காமலே மூன்று வருடம் போன குழந்தை, பெற்றோர் உரிமையைத் திருப்பித் தரும்படி தானே கேட்கலாம் என்று கலிஃபோர்னியா 2005இல் சட்டம் கொண்டுவந்தது.

பாதி திறந்த கதவும் குழந்தையை வதைக்கும் என்பார்கள். உண்மைதான், மாமா மகள் அந்தக் கதவைப் பார்த்தபடிதான் வளர்ந்தாள். ஆனால் கதவுக்குக் காவல் இருக்க வேண்டியவர்கள் பெரியவர்கள். எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால், குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அந்த அம்மா சந்திப்புகளுக்குக் கொண்டுவந்த பொம்மைகள், எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் இருப்பதாக நண்பர் சொன்னார். தீர்ப்பு எப்படி வந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.