தெரிபவர் ஒருவர், நுகர்பவர் வேறொருவர்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டையூடாக மலையேறி, ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, இலுக்கும்புரை வழியாகக் கீழிறங்கும் பாதை பல்லேகமவை நோக்கிச் செல்கின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சாரலிலே நெல்லையும் சேனைப் பயிர்களையும் நம்பி வாழ்ந்த ஊர் அது. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகர் கைவிடப்பட்டது. 2018ஆம் ஆண்டிலே புதிய லக்கல நகர் திறந்து வைக்கப்பட்டது. தேக்கப்படும் நீரோ சுரங்கவழியாக மொரகஹகந்தைக்குச் சென்று, அங்கிருந்து வறண்ட வலயத்து வயல்களுக்குப் பாய்கின்றது. நகரைத் திட்டமிட்டோர் ஒரு சாரார். நீரைப் பெறுவோர் இன்னொரு சாரார். இடம்பெயர்ந்து அந்நகரில் வாழ்வோர் மூன்றாமவர்.

வாணிக உலகில் இன்று பெரிதும் பேசப்படும் உற்பத்திப்பொருள் முகாமைத்துவத்தைப் பற்றி ஆராயப் புகும் ஒருவர் பல்லேகமவில் ஏன் தொடங்க வேண்டும் என்ற ஐயம் எழலாம். ஒரு பொருள் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று தீர்மானிப்பவர் யாருக்குப் பொறுப்புடையவர் என்பதே அத்துறையின் அடிப்படைக் கேள்வி. அக்கேள்வியின் கூர்மை சவர்க்காரக் கட்டியில் அவ்வளவாகப் புலப்படுவதில்லை. பல்லேகமவில் அது தெளிவாகத் தெரிகின்றது.

ஆயினும், இத்துறையின் வரலாறு சவர்க்காரத்தில்தான் தொடங்குகின்றது. 1931ஆம் ஆண்டு மே 13ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் புறொக்டர் அன்ட் கம்பிள் கம்பனியில் கமே என்னும் சவர்க்காரத்தின் விளம்பரத்தைக் கவனித்து வந்த நீல் மக்எல்றோய் என்ற இளைஞர், மூன்று பக்கக் குறிப்பொன்றைத் தம் மேலிடத்துக்கு எழுதினார். அக்கம்பனியின் மற்றொரு சவர்க்காரமாகிய ஐவறியின் நிழலிலே கமே வாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கெனவே ஒருவர் வேண்டும் என்பது அவரது கோரிக்கை. எந்தப் பிரதேசத்தில் எவ்வளவு விற்கின்றது என்பதை அவர் ஆராய வேண்டும்; குறைவாக விற்குமிடத்துக்கு நேரிற் சென்று வணிகரையும் நுகர்வோரையும் கண்டு காரணத்தை அறிய வேண்டும்; பரிகாரத்தைத் திட்டமிட வேண்டும்; திட்டம் பலித்ததா என்று மீண்டும் சென்று பார்க்க வேண்டும். பின்னாளில் அமெரிக்காவின் பாதுகாப்புச் செயலாளராகவும் விளங்கிய அவர் எழுதிய இக்குறிப்பே இன்றைய பொருள் முகாமையாளர் பதவியின் வித்து எனக் கொள்ளப்படுகின்றது.

இப்பதவியின் இயல்பு விசித்திரமானது. பொருளைச் செய்யும் தொழிற்சாலை அவருக்குக் கீழ்ப்பட்டதன்று. பொறியியலாளர், விற்பனையாளர், கணக்காளர் எவரும் அவருடைய ஏவலர் அல்லர். இருந்தும், பொருள் தோற்றால் முதலில் அழைக்கப்படுபவர் அவரே. அதிகாரமின்றிப் பொறுப்பை மட்டும் சுமக்கும் இவர், நுகர்வோரின் தேவையைச் செய்வோர்க்கும், செய்வோரின் எல்லையை விற்போர்க்கும் எடுத்துரைத்து, எல்லோரையும் இணங்கச் செய்தே காரியம் பார்க்க வேண்டியவர். ஊர்ப் பஞ்சாயத்திலே பதவியேதுமின்றி வழக்குத் தீர்க்கும் முதியவரின் நிலைக்கு இது ஓரளவு ஒப்பாகும். ஆனால் அம்முதியவருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. பொருள் முகாமையாளருக்குக் கொடுப்பது கம்பனி. அங்கேதான் சிக்கல் பிறக்கின்றது.

கம்பனியிடம் சம்பளம் பெறுபவர் கம்பனிக்கு மட்டுமே கடமைப்பட்டவர் என்று வாதிப்போர் உளர். பொருளியலறிஞர் மில்டன் பிறீட்மன் 1970ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில், விதிகளுக்கு அமைந்து இலாபத்தைப் பெருக்குவதே வணிக நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என நிறுவ முயன்றார். இவ்வாதத்தை எள்ளி ஒதுக்குதல் முறையன்று. நுகர்வோன் தன் காசைக் கொடுத்துத் தானே தெரிந்து வாங்குகின்றான். பிடிக்காவிடின் வேறொன்றை வாங்குவான். ஆகவே அவனது நலத்தைக் காக்க இன்னொருவர் தேவையில்லை என்பது அதன் உட்கிடை. கமேயைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மையே. குளிப்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் ஒரே வீட்டினர்; நுரை போதாதென்றால் அடுத்த மாதம் ஐவறி வாங்குவர்.

ஆனால் பால்மாப் புட்டியை எடுத்துக்கொள்வோம். குடிப்பது குழந்தை, வாங்குபவள் தாய், பரிந்துரைப்பவர் மருத்துவரோ தாதியோ ஆவார். குழந்தைப் பால்மாவை வறிய நாடுகளில் விற்ற முறையைக் கண்டித்து 1974இல் பிரித்தானியாவில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. 1977இல் நெஸ்லே கம்பனியின் பொருள்களைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் அமெரிக்காவில் ஆரம்பமாயிற்று. இதிற் கவனிக்க வேண்டியது யாதெனின், தகரத்தினுள் இருந்த மாவிலே நஞ்சேதும் இருக்கவில்லை. அதைக் கரைத்த நீர் அசுத்தமானது. காய்ச்சுவதற்கு விறகு இல்லை. தகரத்தில் எழுதியதை வாசிக்கத் தாய்க்குத் தெரியாது. விலை கட்டுபடியாகாததால் இரண்டு கரண்டி இடவேண்டிய இடத்தில் ஒன்று இட்டாள். தொழிற்சாலையில் மாவைச் செய்தவர் தம் வேலையைச் சரியாகவே செய்தார். விற்றவரும் விற்றார். தீங்கு, இவர்கள் எவருடைய எல்லைக்குள்ளும் அடங்காத ஓரிடத்தில், அடுப்படியில் நிகழ்ந்தது. அந்த இடத்தைப் பார்ப்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர் அன்றோ பொருள் முகாமையாளர்? பிரதேசத்துக்கு நேரிற் சென்று காரணத்தை அறிக என்று மக்எல்றோய் எழுதியது விற்பனை குறைந்த இடங்களைப் பற்றி. விற்பனை பெருகியும் குழந்தை மெலியும் இடத்துக்குச் செல்லும்படி அக்குறிப்பு பணிக்கவில்லை.

விதிகளுக்கு அமைந்து என்று பிறீட்மன் கூறிய நிபந்தனையும் இங்கே தளர்கின்றது. தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளின் விற்பனை பற்றிய ஒழுக்கக்கோவையை உலகச் சுகாதாரப் பேரவை ஏற்றது 1981இல். எதிர்த்து வாக்களித்த நாடு ஐக்கிய அமெரிக்கா ஒன்றே. இலங்கையும் அக்கோவையைத் தழுவித் தன் விதிகளை வகுத்துக்கொண்டது. ஆனால் விதி வருவதற்கு முன்பே புட்டிகள் விற்கப்பட்டிருந்தன. விதி எப்போதும் பின்னால் வருவது. பொருளை அறிந்தவர் முன்னால் நிற்பவர். முன்னால் நிற்பவர் விதி வரும்வரை காத்திருக்கலாம் என்பது ஏற்கத்தக்க நியாயமாகத் தோன்றவில்லை.

மருந்திலும் இதே பிரிவினை உண்டு. விழுங்குபவர் நோயாளி, தெரிபவர் மருத்துவர். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே இதனை நன்குணர்ந்தவர். 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராகிய அவர், மருந்துகளை அவற்றின் வணிகப் பெயராலன்றி உட்பொருட் பெயரால் அறியவும், உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாகக் கொள்வனவு செய்யவும் வழிசெய்தார். ஒரு பெயருக்காக நோயாளி கொடுத்து வந்த மிகைவிலையை அவர் கேள்விக்குள்ளாக்கினார். இதனால் தெரிவுச் சுதந்திரம் குறைந்தது என்று குறைகூறியோர் இருந்தனர். எவருடைய தெரிவு என்று அவர்களைக் கேட்டிருக்க வேண்டும்.

இனிப் பல்லேகமவுக்கு மீளலாம். சவர்க்காரத்தை மறுப்பவருக்கு வேறு கடை உண்டு. புட்டியை மறுக்கும் தாய்க்குத் தன் மார்பு உண்டு. அணைக்கட்டுக்காக இடம்பெயர்பவர் புதிய நகரை மறுத்துப் பழைய நகருக்குத் திரும்ப இயலாது. அது இப்போது இல்லை. விற்பனைக் கணக்கு என்ற ஒன்று அங்கே கிடையாது. ஆதலால் நகர் பலித்ததா என்பதை எந்தப் பட்டியலும் காட்டாது. வீதி, பாடசாலை, மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் ஒரு திணைக்களம் உண்டு. ஒவ்வொன்றும் தன் பணி முடிந்ததென்று கோப்பை மூடிவிடலாம். புதிய வீட்டு முற்றத்தில் அறுவடை நெல்லைக் காயவைக்க இடம் போதுமா, அயலார் முன்போல் அயலிலேயே இருக்கின்றனரா என்று, திறப்புவிழா முடிந்து ஐந்தாண்டுகள் சென்றபின் இரத்தோட்டைப் பாதையால் மலையேறி வந்து விசாரிப்பது எந்தத் திணைக்களத்தின் கடமைப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கின்றது?