ஆறாம் ஆண்டும் ஆசிரியர் கடமையும்

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதன்பின் மாணவன் மலாய்மொழிவழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறான். பதிவேட்டிலிருந்து அவன் பெயர் நீங்கும் நாளிலேயே, அவன்பால் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குள்ள கடமையும் நீங்கிவிடுகிறதா? சட்டம் ‘ஆம்’ என்றே விடை கூறும். அறமும் அவ்வாறே கூறுமா என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்குமாறு உரிமையாளரைப் பணித்தது. கொட்டகைகளில் பள்ளிகள் தோன்றின; கங்காணியும் கிராணியும்கூட ஆசிரியராயினர். ஆயின், அங்குப் படித்து முடித்த பிள்ளை அடுத்து எங்குச் செல்வது என்பதை அச்சட்டம் எண்ணவில்லை. எண்ணாமைக்குக் காரணம் வெளிப்படை: பால்மரம் காத்திருந்தது.

இன்று பால்மரம் காத்திருக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. வழிகளும் பெருகியுள்ளன. எஸ்.பி.எம். தேர்வுக்குப்பின் ஆறாம் படிவம் சென்று எஸ்.டி.பி.எம். எழுதலாம், 2003ஆம் ஆண்டில் பூமிபுத்திரர் அல்லாதார்க்கும் பத்து விழுக்காட்டு இடம் திறக்கப்பட்ட மெட்ரிகுலேஷன் வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம், பாலிடெக்னிக் கல்லூரிகள் உண்டு, 1997இல் உருவான உயர்கல்விக் கடனுதவி நிதியும் உண்டு. இடங்களின் பங்கீடு நேரியதா என்பது தனி வழக்கு. அதனைப் பேசுவோர் பலர். திறந்திருக்கும் வழியையே அறியாது நிற்கும் பிள்ளையைப் பேசுவோர் சிலரே.

ஒரே மதிப்பெண் பெற்ற இரு மாணவரைக் கருதுவோம். ஒருவனின் தாய் ஆசிரியை. எந்த விண்ணப்பத்திற்கு என்று கெடு, எப்பாடத்தில் எத்தகுதி வேண்டும் என்பனவெல்லாம் அவ்வீட்டில் சோற்றுத் தட்டின்முன் பேசப்படும். மற்றவனின் தந்தை லாரி ஓட்டுநர். தாய் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். பிள்ளையின்மீது அவர்களுக்குள்ள அன்பு சிறிதும் குறைந்ததன்று; ஆனால் ‘மெட்ரிகுலேஷன்’ என்னும் சொல் அவ்வீட்டினுள் நுழைந்ததேயில்லை. அவன் செய்தி அறியும்போது கெடு முடிந்திருக்கும். அவனும் தாய் வேலை செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்திருப்பான்.

அவனைத் தடுத்தவர் யார்? எவருமிலர். தேர்வு நேர்மையாக நடந்தது. அறிவிப்பும் முறையாக வெளிவந்தது. குற்றவாளியைக் காட்ட இயலாத இடத்தில் குற்றமே நிகழவில்லை என்று முடிவுகட்டுவது எளிது. ஆயினும் ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது; அதைத் தடுத்திருக்கக்கூடியவரும் அண்மையிலேயே இருந்தார். ஆற்றின் துறையறிந்தவன் கரையில் வாளாநின்றால், சுழியைத் தான் உண்டாக்கவில்லை என்பது அவனுக்கு முழு விடையாகாது.

முப்பது நாற்பது பிள்ளைகளைப் பேணுவதே பெரும்பாடு. ஐந்தாண்டுக்குமுன் சென்றவனையும் தேடுவதா என்பாரும் உளர். இது புறந்தள்ளத்தக்க மறுப்பன்று. இயலாததைக் கடமையென்று எவர்மீதும் சுமத்தலாகாது. ஆனால் ஈண்டுக் கேட்கப்படுவது பணமுமன்று, பெருங்காலமுமன்று. திருக்குறளில் ஈகைக்குமுன் ஒப்புரவறிதல் தனியோர் அதிகாரமாய் நிற்கிறது. ஏழைக்கு இரங்கிக் கொடுப்பது ஒன்று. உடன்வாழ்வோர்க்குச் செய்யத்தக்கதை அறிந்து செய்வது மற்றொன்று. மாணவர் உதவி இந்நாட்டில் பெரும்பாலும் முன்னதாகவே கொள்ளப்படுகிறது. மேடை, பொன்னாடை, காசோலை. நிழற்படத்தில் பெறுபவனைவிடக் கொடுப்பவரே பெரிதாய்த் தெரிவர்.

வழிகாட்டுவோர் தவறும் இடமும் ஒன்றுண்டு. “இவன் குடும்பத்திற்கு இது போதும்” என்று பரிவோடு குறுக்கிவிடுவது அது. கைத்தொழிற்கல்வி தாழ்ந்ததன்று, ஆனால் அதனை அவன் தேரவேண்டும், தந்தையின் சம்பளம் தேரக்கூடாது.

கடமையின் அளவு ஒரு குறிப்பேட்டில் அடங்குவது. ஆறாம் ஆண்டை முடித்துச் செல்வோரின் பெயரும் தொலைபேசி எண்ணும். அவற்றின் எதிரே எஸ்.பி.எம். எழுதும் ஆண்டு, புகுமுக வகுப்பில் அமர்ந்தோர்க்கு ஓராண்டு கூட்டி. அவ்வாண்டு வந்ததும் வீட்டிற்கு ஓர் அழைப்பு. ஒரு சனிக்கிழமை காலை பழைய பள்ளியின் கணினி அறை திறந்திருக்கும். தந்தையின் சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையையும் மறவாமல் கொண்டுவரச் சொல்லவேண்டும்.