கரைக்கு உடையவர் யார்?

வீட்டைப் பேணாது விட்டால் இழப்பு பெரும்பாலும் உடையவருக்கே. மேட்டில் தேக்கிய நீரோ அத்தகையதன்று. கரை ஒருவருடையது, அது உடைந்தால் வரும் அழிவு கீழே வாழும் பலருடையது. ஆகவே, தனியாருக்குரிய பழைய பாசன அணையைப் பற்றி எண்ணும்போது 'உடைமை' என்னும் சொல்லின் பொருளையே நாம் ஆராய வேண்டியிருக்கிறது.

இவ்வினா புதியதன்று. அந்நாளைய சென்னை மாகாணத்துக் கார்வேட்டிநகர ஜமீனில், பழைய ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாதைக்குச் சேதம் விளைத்தன. சென்னை ரயில்வே கம்பெனி ஜமீன்தார்மீது வழக்குத் தொடுத்தது. தன் நலத்துக்காக நீரைத் தேக்கியவனே அது தப்பிச் சென்று செய்யும் கேட்டுக்குப் பொறுப்பு, அவனிடம் கவனக்குறைவு இல்லாவிடினும் பொறுப்பே என்று 1868-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை நெறி வகுத்திருந்தது. 1874-இல் பிரிவி கவுன்சில் அந்நெறியை இங்கே பொருத்த மறுத்தது. இவ்வேரிகள் தொன்மையானவை, மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை, இவற்றை ஒழித்துவிட ஜமீன்தாருக்கு உரிமையில்லை, காத்துச் செப்பனிடும் கடமையே உண்டு என்றது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது உடையவரைக் காத்த தீர்ப்பு. கூர்ந்து நோக்கினால், உடையவரைக் காவலராக்கிய தீர்ப்பு அன்றோ!

காவல் என்பது யாது? மண் கரை ஒரே நாளில் உடைவதுபோலத் தோன்றும். ஆனால் பல்லாண்டுகளாக அது நலிந்து வந்திருக்கும். எலியும் நண்டும் வளை தோண்டும். மரம் வேர்விட்டுக் கரையைப் பிளக்கும். கசியும் நீர் கலங்கி வந்தால், உள்ளிருக்கும் மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். மிகைநீர் வெளியேறும் கலிங்கு அடைபட்டால், வெள்ளம் கரைமீதே வழிந்து அதனை அறுத்துவிடும். இவற்றைக் கண்டு சரிசெய்வதற்குப் பேரறிவு வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் கரைமேல் நடக்கும் கால்கள் போதும்.

அந்தக் கால்கள் நின்றுபோனால் என்னாகும்? ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில், 1890 அளவில் கரும்புப் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட காலோகோ அணை, பின்னாளில் தனியார் உடைமையாக இருந்தது. 2006 மார்ச் 14 விடியுமுன், தொடர்மழைக்குப்பின் அது உடைந்தது; எழுவர் மாண்டனர். கலிங்கு மண்ணிட்டு மூடப்பட்டிருந்தது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. அரசும் அதுவரை அவ்வணையைச் சோதித்ததில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. உடையவரும் பார்க்கவில்லை, அரசும் பார்க்கவில்லை.

"பயிர் போயிற்று, வருவாயும் போயிற்று, செலவை மட்டும் நான் ஏன் சுமக்க வேண்டும்?" என்று உடையவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பயன் பலருக்கு எனில், செலவிலும் பலர் பங்கேற்க வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் ஏரி வாரியமும், நம் ஊர்களின் குடிமராமத்தும் அவ்வறத்தின் வடிவங்களே. ஆயினும் செலவைப் பகிரலாம். விழிப்பைப் பகிர்ந்துவிட்டு அயர இயலாது. பழுதை மறைக்காது கீழுள்ளோர்க்கு உரைப்பதும், பேண இயலாதெனில் நீரை முறையாக வடித்துவிடுவதும் உடையவரின் முதற்கடன்.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் பராமரிப்பை உடையவரின் பொறுப்பாக்கியுள்ளது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சிலவற்றையுமே தழுவும். சிற்றணைகளுக்கும் ஏரிகளுக்கும் மனச்சான்றே பெரிதும் காவல்.

பிழைப்புத் தேடி வெளியூர் வந்த நம்மிற் பலருக்கு, ஊரில் ஏரிப் பாசனத்தில் ஒரு துண்டு நிலமேனும் இருக்கும். பட்டாவில் நம் பெயர் இருக்கிறது. கரையில் நம் காலடி இல்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது கோயிலுக்குச் செல்கிறோம், உறவினரைக் காண்கிறோம். ஒரு மாலைப் பொழுதேனும் கரைமேல் நடந்து, கலிங்கு திறந்திருக்கிறதா என்று பார்த்து வருவோமாக. கீழே உறங்குவோர் நம் பெயரை அறியமாட்டார்கள். எனினும் அவர்களுடைய உறக்கத்துக்கு நாமும் பொறுப்பு.